விளையாட்டு பேக்கப்பைப் பிரித்தலும் மீட்டலும்

தரவிறக்கி வாங்கிய கணினி விளையாட்டு மூன்று இடங்களில் பரவிக் கிடக்கிறது. விளையாட்டின் கோப்புகள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அதை ஆடுவதற்கான உரிமம் பெரும்பாலும் விற்ற நிறுவனத்தின் சர்வரில், வாங்கியவரின் கணக்கோடு இருக்கிறது. எட்டிய கட்டம், சேர்த்த பொருள்கள் எல்லாம் அடங்கிய சேவ் கோப்போ விளையாட்டின் ஃபோல்டரோடு தொடர்பே இல்லாத வேறொரு மூலையில் கிடக்கிறது. 80 ஜிபி கோப்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, சில எம்பி மட்டுமே உள்ள சேவ் கோப்பை மறந்துவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. கோப்புகளை மறுபடி தரவிறக்கிக்கொள்ளலாம்; மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்ததை அப்படித் திரும்பப் பெற முடியாது. எனவே பழைய கணினியை ஃபார்மேட் செய்யும் முன், இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் வரும் சேவ் கோப்புப் பகுதியையும் படித்துவிடுவது நல்லது.

எந்த வகை பேக்கப்?

பேக்கப் எப்படி உருவானதோ அதைப் பொறுத்தே அதைத் திறக்கும் முறையும் அமையும். கோப்புப் பெயரின் கடைசிப் பகுதி இதைச் சொல்லிவிடும். விண்டோஸ் அந்தப் பகுதியை வழக்கமாக மறைத்தே வைத்திருப்பதால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பட்டியலில் அதைக் காட்டச் செய்வது முதல் வேலை. சிஎஸ்டி, சிஎஸ்எம் என்று முடியும் கோப்புகள் இருந்தால் அது விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தின் மென்பொருள் தானே எடுத்த பேக்கப். ‘செட்டப்’ என்று தொடங்கும் ஓர் எக்ஸி கோப்பும், அதே பெயரில் எண் சேர்ந்து ‘பின்’ என்று முடியும் கோப்புகளும் இருந்தால் அது ஜிஓஜி தளத்தின் இன்ஸ்டாலர். ‘பின்’ கோப்போடு ‘கியூ’ என்று முடியும் சிறு கோப்பு இருந்தால் அது வட்டின் படிமம். ஐஎஸ்ஓவும் அந்த வகைதான். ரார், ஜிப், செவன்-இசட் என்று முடிபவை யாரோ, பெரும்பாலும் கணினியின் சொந்தக்காரரே, என்றோ சுருக்கி வைத்தவை.

வகை தெரியாமல் திறக்க முயல்வதால்தான் நல்ல பேக்கப் பலவும் ‘கெட்டுப்போய்விட்டது’ என்று தூக்கி எறியப்படுகின்றன. சிஎஸ்டி கோப்பை வின்ராரில் திறந்தால் பிழைச் செய்திதான் வரும். அது ஸ்டீமுக்கு மட்டுமே புரியும் வடிவம். கோப்பில் கோளாறு எதுவும் இல்லை.

அடுத்து இடம். சுருக்கிய கோப்பு 40 ஜிபி, பிரித்தபின் 60 ஜிபி என்றால், பிரிக்கும் வேளையில் இரண்டும் சேர்ந்து 100 ஜிபி இடம் பிடிக்கும். பேக்கப் வெளி டிஸ்க்கில் இருந்தால் கணினியில் 60 ஜிபி போதும். இதிலும் ஒரு பொறி உண்டு. வின்ரார், செவன்-ஜிப் இரண்டிலுமே சாளரத்திலிருந்து கோப்புகளை மவுஸால் இழுத்து வேறு ஃபோல்டரில் போட்டால், அவை முதலில் சி டிரைவின் தற்காலிக ஃபோல்டரில் பிரிக்கப்பட்டு, அதன்பிறகே கேட்ட இடத்துக்குப் போகின்றன. டி டிரைவில் 500 ஜிபி காலியாக இருந்தும் ‘இடம் போதவில்லை’ என்று வருவதற்கு இதுதான் காரணம். இழுத்துப் போடாமல் ‘எக்ஸ்ட்ராக்ட்’ கட்டளையைத் தந்து இடத்தைக் குறிப்பிட்டால் நேரே அங்கேயே பிரியும்.

பிரித்து வைக்கும் டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இன்றைய விளையாட்டுகளில் 10 ஜிபி கோப்புகூட சாதாரணம். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் போதும்.

பல துண்டுகளான சுருக்கக் கோப்புகள்

இந்தப் பகுதியில்தான் அதிக நேரம் வீணாகிறது. பெரிய விளையாட்டைச் சுருக்குபவர்கள் அதை 4 ஜிபி, 2 ஜிபி துண்டுகளாக வெட்டி வைப்பது வழக்கம். ராரில் அவை பார்ட்1, பார்ட்2 என்று தொடரும். பழைய பாணியில் முதல் துண்டு ரார் என்றும் மற்றவை ஆர்00, ஆர்01 என்றும் முடியும். செவன்-ஜிப்பில் 001, 002 என்று எண் வரும். எல்லாத் துண்டுகளும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும்; முதல் துண்டை மட்டும் திறந்தால் போதும், மற்றவற்றை மென்பொருள் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பிரிக்கத் தேவையில்லை. பெயர்களில் கைவைக்கக் கூடாது. ஒரே துண்டை இருமுறை தரவிறக்கும்போது பிரவுசர் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். அந்த ஓர் எண்ணால் சங்கிலி அறுந்துபோகும்.

திறப்பதற்கு முன் அரை நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கடைசித் துண்டைத் தவிர மற்ற எல்லாம் பைட் கணக்கில் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஐந்து துண்டுகளில் மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிடச் சிறியதாக இருந்தால் அது முழுதாக நகலாகவில்லை. வெளி டிஸ்க்கை ‘எஜெக்ட்’ செய்யாமல் பிடுங்கிய இடங்களில் இதைப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தால் அடுத்தது ‘டெஸ்ட்’ கட்டளை. வின்ராரிலும் செவன்-ஜிப்பிலும் இது உண்டு. எதையும் டிஸ்க்கில் எழுதாமலே முழுச் சுருக்கத்தையும் படித்து, உள்ளே பதிந்திருக்கும் சரிபார்ப்பு எண்களோடு ஒப்பிடும். பெரிய கோப்பில் கால் மணி நேரம் ஆகலாம். ஆனால் பாதி பிரிந்த நிலையில் நின்றுபோன 60 ஜிபி குப்பையை அள்ளுவதைவிட இது மேல்.

சரிபார்ப்பு எண் பொருந்தாமல் ‘சிஆர்சி’ பிழை வந்தால் உடனே பேக்கப்பைக் குறை சொல்லிவிடக் கூடாது. சோதனையை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் அதே கோப்பில் பிழை வந்தால் பேக்கப்பில்தான் சேதம். ஒருமுறை ஒரு கோப்பிலும் மறுமுறை வேறொரு கோப்பிலும் வந்தால் சந்தேகிக்க வேண்டியது கணினியின் ரேமை, அல்லது யூஎஸ்பி கேபிளை. கேபிளை மாற்றுவது சுலபம். ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ இருக்கிறது. இப்படி மாறி மாறிப் பிழை காட்டிய பேக்கப்பை வேறு கணினியில் பிரித்தால் ஒரு குறையும் இல்லாமல் வந்துவிடுவதுண்டு.

சேதம் உறுதியானால் மூன்று வழிகள். சுருக்கியவர் அப்போதே ‘ரெகவரி ரெகார்ட்’ சேர்த்திருந்தால் வின்ராரின் ‘ரிப்பேர்’ கட்டளை சிறு சேதங்களைச் சரிசெய்யும். ‘ரெவ்’ என்று முடியும் மீட்புத் துண்டு கூடவே இருந்தால், தொலைந்துபோன ஒரு முழுத் துண்டையே ஒரு ரெவ் துண்டைக் கொண்டு மறுபடி உருவாக்கலாம். இரண்டும் முன்கூட்டியே செய்திருக்க வேண்டியவை. சேதம் நேர்ந்தபிறகு சேர்க்க முடியாது.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது, ஆனால் ஸ்டீம் விளையாட்டுகளுக்கு மிகவும் பயன்படுவது. பிரிக்கும்போது ‘கீப் புரோக்கன் ஃபைல்ஸ்’ என்ற பெட்டியில் டிக் அடித்தால், வின்ரார் சேதமான கோப்பையும் அழிக்காமல் வைத்திருக்கும். அந்த அரைகுறை ஃபோல்டரை ஸ்டீமின் இடத்தில் வைத்துச் சரிபார்க்கச் சொன்னால், ஸ்டீம் கெட்ட கோப்புகளை மட்டும் கண்டுபிடித்துத் தரவிறக்கிக்கொள்ளும். 60 ஜிபிக்குப் பதில் ஒரு ஜிபியோ இரண்டோ. செவன்-இசட் கோப்புகளிலும், ‘சாலிட்’ முறையில் சுருக்கிய ராரிலும் இது அவ்வளவாக உதவாது. அவற்றில் கோப்புகள் ஒன்றோடொன்று தொடராகச் சுருக்கப்பட்டிருக்கும். நூல் அறுந்த இடத்துக்குப் பிறகு பூவெல்லாம் உதிரும் மாலைபோல, சேதமான இடத்துக்குப் பின்னால் அந்தத் தொடரில் வரும் அத்தனையும் போய்விடும்.

மென்பொருள் பழையதாக இருப்பதும் பிழைக்குக் காரணமாகும். 2013-இல் வின்ரார் 5 வந்தபோது ராரின் வடிவமே மாறியது. அதற்கு முந்தைய மென்பொருள்களால் புதிய ரார் கோப்புகளைத் திறக்க முடியாது. ‘பாத் டூ லாங்’ என்ற பிழையோ வேறு வகை. விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களும் கோப்புப் பெயரும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் பல நிரல்கள் தடுமாறும். டெஸ்க்டாப்பில், ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பிரிக்காமல், டி டிரைவின் முதல் மட்டத்திலேயே சிறு பெயரில் ஓர் ஃபோல்டர் உருவாக்கிப் பிரித்தால் இது தீரும்.

முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்த சுருக்கக் கோப்பு, ‘பிரிக்கும் முன் ஆன்டிவைரஸை நிறுத்துக’ என்ற குறிப்போடு இருந்தால் அதைத் திறக்காமல் அழிப்பதே சரி. சொந்த பேக்கப்பில் ஆன்டிவைரஸ் ஏதாவது ஒரு கோப்பைப் பிடித்துவைத்தால், முழுப் பாதுகாப்பையும் அணைக்கத் தேவையில்லை. அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, விற்ற தளத்திலிருந்தே மறுபடி பெறலாம்.

ஸ்டீம்

ஸ்டீம் தானே எடுத்த பேக்கப்பை ஸ்டீமுக்குள்ளிருந்துதான் மீட்க வேண்டும். மேல் இடதுபுறம் இருக்கும் ‘ஸ்டீம்’ பட்டியலில் ‘ரெஸ்டோர் கேம் பேக்கப்’ என்பதைத் தேர்ந்து, பேக்கப் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் போதும். அந்த விளையாட்டை வாங்கிய கணக்கில் நுழைந்திருப்பது கட்டாயம். பேக்கப்பில் உரிமம் கிடையாது. மீட்டு முடிந்ததும், பேக்கப் எடுத்த நாளுக்குப்பின் வந்த அப்டேட்களை ஸ்டீம் தரவிறக்கும். இரண்டு ஆண்டுப் பழைய பேக்கப் என்றால் அப்டேட்டே பெரும்பகுதியாகி, மீட்டதில் பலன் இல்லாமல் போவதும் உண்டு. அடிக்கடி மாறும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு பேக்கப் எடுப்பது வீண் வேலை.

இதைவிட எளிதானது ஃபோல்டரை நேரடியாக நகலெடுப்பது. ஸ்டீம் விளையாட்டுகள் அனைத்தும் ஸ்டீமின் ஃபோல்டருக்குள் ‘ஸ்டீம்ஆப்ஸ்’, அதற்குள் ‘காமன்’ என்ற இடத்தில் இருக்கும். ஸ்டீமை மூடிவிட்டு, பேக்கப் ஃபோல்டரைப் புதிய கணினியின் ‘காமன்’ உள்ளே வைத்து, ஸ்டீமைத் திறந்து, ‘இன்ஸ்டால்’ அழுத்தி அதே டிரைவைத் தேர்ந்தால், தரவிறக்கத் தொடங்குவதற்கு முன் ஸ்டீம் அங்கே இருக்கும் கோப்புகளைக் கண்டறிந்து, இல்லாததை மட்டும் தரவிறக்கும்.

இதற்கு ஃபோல்டரின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். விளையாட்டின் பெயரும் ஃபோல்டரின் பெயரும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2023-இல் வந்த கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 இன்றும் ‘கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ்’ என்ற பழைய பெயர் ஃபோல்டரில்தான் இருக்கிறது. சரியான பெயரை அறிய ‘ஸ்டீம்ஆப்ஸ்’ ஃபோல்டரில் ‘ஆப்மேனிஃபெஸ்ட்’ என்று தொடங்கி விளையாட்டின் எண்ணோடு ஏசிஎஃப் என முடியும் சிறு கோப்பை நோட்பேடில் திறக்க வேண்டும். ‘இன்ஸ்டால்டிர்’ என்ற வரியில் பெயர் இருக்கும். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கின் எண் 730. பேக்கப் எடுக்கும்போதே இந்தச் சிறு கோப்பையும் சேர்த்து எடுத்து வைத்தால் பின்னால் தேடும் வேலை இல்லை.

எந்த வழியில் மீட்டாலும் கடைசியில் சரிபார்ப்பு வேண்டும். நூலகத்தில் விளையாட்டின் மேல் வலது சொடுக்கு, ‘ப்ராப்பர்டீஸ்’, ‘இன்ஸ்டால்டு ஃபைல்ஸ்’, அதில் ‘வெரிஃபை’. பழைய கணினி இன்னும் ஓடுகிறதென்றால் பேக்கப்பே தேவையில்லை. 2023 முதல், ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையே ஸ்டீம் நேரடியாகக் கோப்புகளை மாற்றிக்கொள்கிறது.

ஸ்டீமைப் போலவே விளையாட்டு விற்கும் எபிக் தளத்தில் மீட்பு கொஞ்சம் தந்திரமானது. இருக்கும் ஃபோல்டரை லாஞ்சர் தானாகக் கண்டுகொள்வதில்லை. லாஞ்சரில் விளையாட்டைத் தரவிறக்கத் தொடங்கி, ஓரிரு விழுக்காடு ஆனதும் நிறுத்தி, லாஞ்சரை முழுவதுமாக மூட வேண்டும். அது உருவாக்கிய ஃபோல்டரில் பேக்கப் கோப்புகளைப் போட்டு, ஏற்கெனவே இருப்பவற்றின் மேல் எழுத அனுமதித்து, லாஞ்சரைத் திறந்து தரவிறக்கத்தைத் தொடர்ந்தால், கோப்புகளைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும்.

ஜிஓஜி இன்ஸ்டாலர்களும் வட்டுப் படிமங்களும்

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் குழுமம் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி, விளையாட்டுகளை நகல் தடுப்புப் பூட்டில்லாமல் விற்கிறது. அதன் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை டிஸ்க்கில் போட்டு வைத்தால் கணக்கோ இணையமோ இல்லாமல் எந்தக் கணினியிலும் நிறுவலாம். பேக்கப் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி இதற்குத்தான் உண்டு. பின் கோப்புகளைத் தனியே பிரிக்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து எக்ஸியை இயக்கினால் போதும். ‘செட்டப் கோப்புகள் சேதமடைந்துள்ளன’ என்று ஆங்கிலத்தில் செய்தி வந்தால், ஏதோ ஒரு பின் கோப்பு குறைகிறது அல்லது முழுதாக நகலாகவில்லை. கூடுதல் பகுதிகளுக்குத் தனி இன்ஸ்டாலர்கள் இருக்கும். மூல விளையாட்டை நிறுவிய பிறகே அவற்றை நிறுவ வேண்டும், பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். மூலம் ஒரு பதிப்பும் கூடுதல் பகுதி வேறு பதிப்புமாகக் கலந்தால் விளையாட்டு பாதியில் நின்றுபோகலாம்.

ஐஎஸ்ஓ கோப்பை விண்டோஸ் 8 முதல் இருமுறை சொடுக்கினாலே ஒரு டிரைவாகத் திறந்துகொள்ளும். பின், கியூ இணைக்கு வேறு மென்பொருள் வேண்டும். அதை ஐஎஸ்ஓவாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் 1990-களின் விளையாட்டுகள் பலவற்றில் இசை சிடி பாடல் தடங்களாக இருந்தது, ஐஎஸ்ஓவில் அவை சேராது. விளையாட்டு ஓடும், இசை மட்டும் இருக்காது. இன்னொரு தடை சேஃப்டிஸ்க். 2000-களின் வட்டுகளில் இருந்த இந்தப் பூட்டுக்குத் தேவையான டிரைவரை விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அப்படிப்பட்ட படிமம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதிலிருந்து விளையாட்டு கிளம்பாது. அதே விளையாட்டின் ஜிஓஜி பதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே நடைமுறை.

சேவ் கோப்புகள்

விண்டோஸில் சேவ் கோப்புகளுக்கு ஒரே இடம் கிடையாது. ‘டாக்குமெண்ட்ஸ்’ உள்ளே ‘மை கேம்ஸ்’, பயனர் ஃபோல்டரில் ‘சேவ்டு கேம்ஸ்’, மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’வின் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்னும் மூன்று பிரிவுகள்: எதிலும் இருக்கலாம். டாக்குமெண்ட்ஸை ஒன்டிரைவ் தன்வசம் எடுத்துக்கொண்ட கணினிகளில் அதன் பாதையே மாறியிருக்கும்; பழைய கணினியில் ஒன்டிரைவ் இருந்து புதியதில் இல்லையென்றால், அதே பெயருள்ள இரண்டு டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்களில் தவறானதில் சேவ் கோப்பைப் போட்டுவிட்டுக் காத்திருக்க நேரும். விஸ்டாவுக்கு முந்தைய விளையாட்டுகள் தங்கள் சொந்த ஃபோல்டரிலேயே எழுதிப் பழகியவை. அவற்றை ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே நிறுவியிருந்தால், விண்டோஸ் அந்த எழுத்தை ஆப்டேட்டா லோக்கலில் உள்ள ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற இடத்துக்குத் திருப்பிவிட்டிருக்கும். யூனிட்டி எஞ்சினில் செய்த சிறு விளையாட்டுகள் சில, கோப்பே வைக்காமல் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைக்கின்றன.

2016-இல் வந்த ஸ்டார்டியூ வேலி, சேவ் கோப்பை மீட்பதைக் கற்றுக்கொள்ள நல்ல விளையாட்டு. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதில் விளையாட்டின் பெயரில் ஓர் ஃபோல்டர், அதற்குள் ‘சேவ்ஸ்’, அதற்குள் ஒவ்வொரு பண்ணைக்கும் பெயரும் எண்ணும் சேர்ந்த ஓர் ஃபோல்டர். அந்த ஃபோல்டரை முழுதாக நகலெடுத்துப் புதிய கணினியில் அதே இடத்தில் வைத்தால் பண்ணை வந்துவிடும். உள்ளே ஃபோல்டரின் பெயரே கொண்ட ஒரு கோப்பும், ‘சேவ்கேம்இன்ஃபோ’ என்ற கோப்பும் இருக்கும். இரண்டுக்கும் ‘ஓல்டு’ என்று முடியும் முந்தைய நாள் நகலும் உண்டு. சேவ் கோப்பு கெட்டுப்போனால், கெட்ட இரண்டையும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, நகல்களின் பெயரிலிருந்து ஓல்டு என்ற ஒட்டை எடுத்துவிட்டால், விளையாட்டில் ஒரு நாள் மட்டும் பின்னால் போய் மற்றதெல்லாம் மீண்டுவிடும்.

எல்லாம் இப்படிச் சுலபமாக இருப்பதில்லை. எல்டன் ரிங் தன் சேவ் கோப்பை ஸ்டீம் கணக்கின் 17 இலக்க எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டரில் வைக்கிறது; கோப்புக்கு உள்ளேயும் அந்த எண் பதிந்திருப்பதால், ஃபோல்டர் பெயரை மாற்றி வேறு கணக்குக்குக் கொண்டுபோக முடியாது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கியவற்றின் சேவ் கோப்புகளோ வேறு வடிவத்தில், புரியாத பெயர்களில் இருப்பவை. அங்கே அதே கணக்கின் கிளவுடை, அதாவது சர்வரில் இருக்கும் சேவ் நகலை, நம்புவதே வழி.

கிளவுடால் தொல்லையும் உண்டு. பழைய சேவ் கோப்பைக் கையால் வைத்த பிறகு விளையாட்டைத் திறந்தால், கணினியில் இருப்பதும் கிளவுடில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை, எதை வைத்துக்கொள்வது என்று ஸ்டீம் கேட்கும். அவசரத்தில் தவறான பக்கத்தை அழுத்தினால், மீட்டு வைத்த கோப்பின் மேல் கிளவுடின் கோப்பு எழுதப்பட்டுவிடும். புதிதாக நிறுவி ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்த வெற்று சேவ் கோப்பு, தேதியில் புதியது என்பதால் அதுவே சரியானதுபோலத் தோன்றுவதும் இங்கேதான். விளையாட்டை நிறுவியதும் ‘ப்ராப்பர்டீஸ்’ உள்ளே கிளவுட் ஒத்திசைவை அணைத்து, சேவ் கோப்பை வைத்து, திறந்து, சரியான கட்டம் வந்ததை உறுதிசெய்து, அதன்பிறகு கிளவுடை இயக்கி, கேள்வி வந்தால் கணினியில் இருப்பதைத் தேர்வது பாதுகாப்பான வரிசை. அதுவரை மூல பேக்கப்பைத் தொடக் கூடாது. நகலை மட்டுமே கையாள வேண்டும்.

புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. பேக்கப்பிலிருந்து மீட்ட விளையாட்டு பழையதாக இருந்தால், சேவ் கோப்பை வைப்பதற்கு முன் அப்டேட்டை முடித்துவிட வேண்டும். மாட் போட்டு ஆடியவர்களுக்கு அதே மாட்களும் தேவை. ஸ்டீமின் சொந்த பேக்கப்பில் அவை சேர்வதில்லை.

மீட்டும் ஓடாவிட்டால்

ஃபோல்டரை நகலெடுத்து வைத்த விளையாட்டு, திறந்ததும் ஒரு டிஎல்எல் கோப்பு இல்லை என்று நின்றால் பேக்கப்பில் குறை இல்லை. இன்ஸ்டாலர் வழியாக வந்திருந்தால் கூடவே நிறுவப்பட்டிருக்கும் துணை மென்பொருள் விடுபட்டிருக்கிறது. எம்எஸ்விசிபி140 என்ற பெயர் வந்தால் தேவை மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பு. டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கினால் பழைய டைரக்ட்எக்ஸ் 9-இன் கோப்புகள், அவற்றின் 2010 ஜூன் தொகுப்பை நிறுவினால் போதும். இரண்டையும் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. டிஎல்எல் கோப்பைத் தனியாகக் கொடுக்கும் தளங்களில் எடுப்பது ஆபத்து. ஸ்டீம் விளையாட்டுகள் பலவற்றின் ஃபோல்டரிலேயே ‘காமன்ரீடிஸ்ட்’ என்ற துணை ஃபோல்டரில் இவை இருக்கும்.

கோப்புகள் முழுதாக இருந்தும் உரிமம் வழிவிடாத விளையாட்டுகள் தனி வகை. 2008-இல் வந்த ஸ்போர், தொடக்கத்தில் மூன்று முறை நிறுவ மட்டுமே அனுமதித்தது. யூபிசாஃப்டின் தி க்ரூ 2014-இல் வெளியானது. தனியாக ஆடவும் சர்வர் வேண்டும் என்ற அமைப்பில் இருந்தது. 2024 மார்ச் 31 அன்று நிறுவனம் சர்வரை மூடியதும், காசு கொடுத்து வாங்கியவர்களிடம் இருந்த கோப்புகளால் பயன் இல்லாமல் போயிற்று. இந்த வகையை முன்கூட்டியே அறிய ஒரு சோதனை செய்யலாம்: விளையாட்டு நன்றாக ஓடும் நாளிலேயே ஸ்டீமை ஆஃப்லைன் முறைக்கு மாற்றி, இணைய இணைப்பைத் துண்டித்து, அதைத் திறந்து சேவ் கோப்பு ஒன்றிலிருந்து சில நிமிடங்கள் ஆடிப் பார்க்க வேண்டும். முதல் திரையிலேயே நின்றுபோகும் விளையாட்டுக்கு டிஸ்க்கில் 80 ஜிபி ஒதுக்குவதைவிட அதன் சேவ் கோப்பை மட்டும் எடுத்துவைத்தால் போதும்.